நம் மாவட்டமும் லக்ஸம்பர்க் நாடும்



ஐரோப்பாவில் லக்ஸம்பர்க் என்றொரு சிறிய நாடு உண்டு. பரப்பு 2,586 சதுர கி.மீ. நம் கிருஷ்ணகிரி மாவட்டமோ 5,143 சதுர கி.மீ. நம் மாவட்டத்தில் பாதிதான் அந்த நாடு! அதற்கும் கடற்கரை கிடையாது. பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய மூன்றும் அதைச் சூழ்ந்துள்ளன.

இரண்டு இடங்களிலும் ஆண்டுக்குச் சராசரியாக 800 முதல் 900 மி.மீ. வரை மழை பெய்கிறது. அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் தண்ணீர்ப் பஞ்சம்? அங்கே மழை பன்னிரண்டு மாதமும் பரவலாகப் பெய்கிறது. குளிர் நாடு என்பதால் நீர் ஆவியாவது குறைவு. நாட்டில் மூன்றில் ஒரு பங்கு காடு. நமக்கோ சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பிறகு வெயில் குடித்துவிடுகிறது.

அந்நாட்டின் சூர் ஆறு பெல்ஜியத்தில் பிறந்து வருகிறது. அதில் கட்டிய அணையே குடிநீருக்குப் பெரும் ஆதாரம். நீர் கெடாமலிருக்க அங்கே இயந்திரப் படகுகளுக்கு அனுமதியில்லை. நம் மார்க்கண்டேய நதியும் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் பிறந்து, நம் பகுதி வழியாக கே.ஆர்.பி. அணைக்குச் செல்கிறது. மேலே யார்கோலில் கர்நாடகம் இந்த நதியில் அணை கட்டியிருப்பதால், இங்கே பெய்யும் மழையைத் தேக்குவது முன்பைவிட அவசியமாகிறது.

ஆறும் ஏரியும் வற்றினால் ஆழ்துளைக் கிணற்றை நம்புகிறோம். நம் மண்ணுக்கடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில்தான் நீர் தங்கும். பாறையிலுள்ள ஃப்ளோரைடு அந்த நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மி.கிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் பற்களில் கறை படியும். நாளடைவில் எலும்பும் பாதிக்கப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் கொண்டுவரப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை:

1. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் நீரையே எடுத்து வையுங்கள். போர் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அளவு கூடவே செய்யும்.

3. போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்றால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

4. வீட்டுக் கூரையிலும் பள்ளிவாசல் கூரையிலும் விழும் மழைநீரைத் தொட்டியிலோ கிணற்றிலோ சேருங்கள். ஒளு செய்யும்போது குழாயைச் சிறிதளவே திறந்தால் போதும்.

5. ஏரிக்கு வரும் கால்வாயில் குப்பையும் இறைச்சிக் கழிவும் கொட்டாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை: உங்கள் தெருவில் விழும் மழைநீர் எந்தக் கால்வாய் வழியாக எந்த ஏரிக்குப் போகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு, படமாக வரைந்து பாருங்கள். வழியில் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதையும் குறித்துக் கொண்டு வாருங்கள். மழைக்கு முன் அதைத் திறந்துவிடும் வேலையை நாம் எல்லோரும் சேர்ந்து செய்வோம்.