இடமும் ஒரு சான்றே
(புவியியல் தகவல் முறைமை – ஓர் அறிமுகம்)

ஒரு நிகழ்ச்சியை ஆராயப் புகுவோர், "என்ன?", "எப்பொழுது?" என வினவுவர். "எங்கே?" என்னும் வினாவோ பெரும்பாலும் முகவரியளவில் நின்றுவிடுகிறது. அவ்வினாவையே ஆய்வின் அடிப்படையாகக் கொள்வது புவியியல் தகவல் முறைமை.

இம்முறைமையில் ஒவ்வொரு பொருளுக்கும் இருவகைத் தரவுகள் உண்டு. அது அமைந்துள்ள இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை முதலியவற்றால் குறிப்பது இடத்தரவு. அதன் இயல்பைக் கூறுவது பண்புத்தரவு. கிணற்றைப் புள்ளியாகவும், சாலையைக் கோடாகவும், ஏரியைப் பரப்பாகவும் காட்டுவது ஒரு முறை. நிலத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு மதிப்பளிப்பது மற்றொரு முறை. செயற்கைக்கோள் படங்கள் இவ்வகையின. ஒவ்வொரு பொருள்வகையும் தனி அடுக்காகும். அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது, பட்டியலில் மறைந்து கிடந்த உறவுகள் புலப்படும்.

இக்கருத்தின் பயனைக் கணினி தோன்றுமுன்னரே உணர்த்தியவர் இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ. 1854இல் அந்நகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவிற்று. கெட்ட காற்றே காரணம் எனப் பலரும் நம்பிய காலம் அது. ஸ்நோ இறப்புகளை ஓரடுக்காகவும், தண்ணீர்க் குழாய்களை மற்றோரடுக்காகவும் ஒரே படத்தில் குறித்தார். பிராட் தெருக் குழாயைச் சுற்றியே இறப்புகள் செறிந்திருந்தன.

ஆயினும் அருகிலிருந்த ஏழையர் விடுதியில் வாழ்ந்த 535 பேருள் ஐவரே இந்நோயால் இறந்தனர். காற்றே காரணமாயின் அவர்கள் தப்பியது எங்ஙனம்? விடுதிக்குத் தனிக்கிணறு இருந்தது. அவர்கள் அக்குழாய் நீரை நாடவில்லை. செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டதை ஸ்நோவே மறைக்காது எழுதினார்.

கையால் வரைந்த படங்களை ஒப்பிடும் இவ்வுழைப்பைக் கணினியிடம் ஒப்படைத்தவர் ராஜர் டாம்லின்சன். 1960களில் கனடாவின் நிலவளக் கணக்கெடுப்பிற்காக அவர் முயற்சியால் உருவான அமைப்பே இத்துறையின் முன்னோடி.

மாணவர்கள் இரண்டை மறவாதிருத்தல் நலம். இடக்குறிப்பு பிழையாயின், எத்துணை அழகிய படமும் பொய்யே உரைக்கும். அருகருகே இருத்தல் காரணத்தைச் சுட்டுமேயன்றி நிறுவாது. பொருந்தாத புள்ளியையும் விளக்கிய பின்னரே முடிவு கூறுதல் வேண்டும். ஸ்நோவின் படத்தில் உண்மைக்குத் துணைநின்றோர், இறந்தோர் மட்டுமல்லர், பிழைத்தோரும் ஆவர்.