ஆச்சியின் தோள் முறிந்தால்

பாசி பிடித்த கிணற்றடியில் ஆச்சி வழுக்கி, கையை ஊன்றி விழுகிறார். மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மேற்கை எலும்பு தோளருகே முறிந்திருக்கிறது. உடனே வீட்டில் எழும் கேள்வி: "ஒப்பரேசன் செய்யாட்டில் கை வழங்காமல் போகுமோ? சங்கிலியை அடைவு வைப்பமோ?" 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்து, இன்னும் தமது காணிக்குத் திரும்பாத குடும்பத்துக்கு இது சிறிய கேள்வியல்ல.

நாம் முதலில் அறிய வேண்டியது இது: முதியோரின் தோள் முறிவுகளில் பெரும்பாலானவை சத்திரசிகிச்சையின்றியே பொருந்தும். பிரித்தானியாவில் எலும்பு விலகி முறிந்த 250 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2015 இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குச் சத்திரசிகிச்சையும் மறுபகுதியினருக்குத் தூக்குக் கட்டும் அளித்தார்கள். இரண்டு ஆண்டுகளின் பின்னும் இரு பகுதியினரின் கைப்பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

எனினும் மூட்டு கழன்று முறிந்தாலோ, எலும்பின் பந்து போன்ற தலை பிளந்தாலோ சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அதன் வகைகள்:

1. தகடும் திருகாணியும்: துண்டுகளைச் சேர்த்துப் பூட்டுவது. எலும்பு உக்கியிருந்தால் திருகாணி இளகக்கூடும்.
2. உட்கம்பி: எலும்பின் உள்ளே கம்பியைச் செலுத்தி நிறுத்துவது.
3. அரை மூட்டு: உடைந்த தலைக்குப் பதிலாக உலோகத் தலை பொருத்துவது.
4. தலைகீழ் மூட்டு: பந்தைத் தோட்பட்டையிலும் கிண்ணத்தைக் கையெலும்பிலும் மாற்றிப் பொருத்துவது. பிரான்சின் போல் கிராமோன் 1985 இல் இம்முறையின் நவீன வடிவத்தை உருவாக்கினார். தோளின் உட்தசைநார்கள் பழுதான முதியோருக்கு இது உதவும்.

சத்திரசிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் பயிற்சியே கையை மீட்கும். விரல்களையும் மணிக்கட்டையும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். வைத்தியர் அனுமதித்ததும், குனிந்து கையை ஊஞ்சல்போல் ஆட்டும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். புக்கை கட்டி மாதக்கணக்கில் அசையாது வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். விரல்கள் விறைத்தால், குளிர்ந்தால், நிறம் மாறினால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நகையை அடைவு வைக்குமுன் வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: கட்டுடன் விட்டால் என்ன நடக்கும்? சத்திரசிகிச்சையால் இவருக்கு என்ன கூடுதல் நன்மை? இவருடைய இருதயமும் நீரிழிவும் அதைத் தாங்குமா?

கலந்துரையாடுவோம்:
- எமது குடியிருப்பில் முதியோர் வழுக்கும் இடங்கள் எவை?
- அவற்றை இந்தக் கிழமையே யார் துப்புரவு செய்வது?