பயன்படுத்திய வீடியோ கேம் கருவி: சிகிச்சையில் உள்ள குழந்தைக்கு வாங்கலாமா?

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் வினாக்களுள் ஒன்று மருந்தைப் பற்றியதன்று. "பிள்ளை பள்ளிக்கும் போக முடியவில்லை, தெருவிலும் விளையாட முடியவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் பழைய வீடியோ கேம் மலிவாக இருக்கிறது. வாங்கித் தரலாமா?" என்பதே அவ்வினா. இதனை நாங்கள் சிறிய வினாவாகக் கருதுவதில்லை. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளக்கூடியது. அந்நெடிய காலத்தைக் குழந்தை எவ்வாறு கழிக்கிறது என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

எங்கள் விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். வாங்கலாம், ஆனால் விலையைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் உடல்நிலையையும், கருவியின் உள்ளே படிந்துள்ள தூசியையும், குடும்பத்தின் வரவு செலவையும் பார்க்க வேண்டும். இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

விளையாட்டால் விளையும் நன்மை

நோயுற்ற குழந்தைக்கு விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. ஊசியையும் மருந்தையும் உணவுக் கட்டுப்பாட்டையும் பிறர் முடிவு செய்யும் ஒரு நாளில், குழந்தை தானே முடிவெடுக்கும் இடம் விளையாட்டு ஒன்றே. கவனம் வேறொன்றில் ஊன்றும்போது வலியும் குமட்டலும் சற்றே மட்டுப்பட்டுத் தோன்றுவதை வார்டில் காண்கிறோம்.

இதற்குச் சான்றாக ஓர் ஆய்வையும் குறிப்பிடலாம். புற்றுநோய் அணுக்களை எதிர்த்துப் போரிடும் 'ரீ-மிஷன்' என்னும் விளையாட்டு, நோயுற்ற இளையோருக்கென்றே உருவாக்கப்பட்டது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 34 மருத்துவ மையங்களில் 13 முதல் 29 வயது வரையிலான 375 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2008-இல் வெளியாயிற்று. அவ்விளையாட்டை ஆடியோர் தம் மருந்துகளை மேலும் ஒழுங்காக உட்கொண்டனர் என்று அது காட்டியது. எல்லா விளையாட்டும் மருந்தாகும் என்பது இதன் பொருளன்று. விளையாட்டைப் பகையென ஒதுக்க வேண்டியதில்லை என்பதே பொருள்.

முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கடைக்குச் செல்லுமுன் அடுத்த பரிசோதனை நாளில் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, இரத்த அணுக்களின் எண்ணிக்கை. வெள்ளையணுக்கள் குறைந்துள்ள நாட்களில் பழைய பொருள் எதுவும் வீட்டுக்குள் வருவது உகந்ததன்று. பிளேட்லெட் குறைந்துள்ள நாட்களில், கையை வீசியும் குதித்தும் ஆடும் விளையாட்டுகள் கூடா. விழுந்தாலோ இடித்துக்கொண்டாலோ இரத்தக்கசிவு நேரலாம்.

இரண்டாவது, விரல்களின் வலிமை. வின்கிரிஸ்டின் என்னும் மருந்து சில குழந்தைகளுக்குக் கைகால் நரம்புகளைத் தளரச் செய்து, விரல்களில் மரத்துப்போன உணர்வைத் தரும். அத்தகைய குழந்தையால் கன்ட்ரோலரின் சிறு பொத்தான்களை அழுத்த இயலாமற்போகலாம். ஆசையோடு வாங்கிய பொருளே தன் இயலாமையை நினைவூட்டுமாயின் குழந்தை நொந்துபோகும். இயன்முறை மருத்துவரின் கருத்தைக் கேட்பது நன்று.

மூன்றாவது, வலிப்பு. குழந்தைக்கு முன்னர் வலிப்பு வந்ததுண்டாயின் அதனை மறவாமல் கூறுங்கள். சிலருக்கு விரைந்து மின்னும் ஒளியே வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதால் 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள்.

நான்காவது, ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்படும் வாரங்கள். அவ்வாரங்களில் குழந்தைக்கு எரிச்சலும் உறக்கக் குறைவும் மிகுதியாக இருக்கும். புதிய கருவியை அப்போது அறிமுகப்படுத்தினால், விளையாட்டை நிறுத்தச் சொல்லும் ஒவ்வொரு முறையும் வீட்டில் சச்சரவு மூளும்.

பழைய கருவியின் உள்ளே இருப்பது

பிறர் பயன்படுத்திய கருவிக்கும் புதியதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, நம் குழந்தைகளைப் பொறுத்தவரை, விலையன்று, தூசியே. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிகளுக்குள் வெப்பத்தைத் தணிக்க ஒரு விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். அது அறையின் காற்றை உள்ளிழுத்து வெளியேற்றும். காற்றோடு வந்த தூசி உள்ளேயே படியும். ப்ளேஸ்டேஷன் 4 முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 2013-இல். அவ்வளவு பழைய கருவியொன்றில் பல ஆண்டுத் தூசி அடைந்திருக்கக்கூடும். உள்ளிருக்கும் வெதுவெதுப்பை நாடிக் கரப்பான்பூச்சிகள் குடியேறுவதும் பழுதுபார்ப்போர் நன்கறிந்த செய்தி.

தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் நுண்வித்துகள் இருக்கலாம். நலமாயுள்ளோர் அவற்றை நாள்தோறும் சுவாசித்தும் தீங்கடைவதில்லை. வெள்ளையணுக்கள் மிகக் குறைந்த குழந்தைக்கோ அவை நுரையீரலில் கடுந்தொற்றை உண்டாக்கக்கூடும். ஆகவே மேற்பரப்பைத் துணியால் துடைத்துவிட்டு, தூய்மையாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து, கருவியைத் திறந்து, உட்புறத் தூசி முழுவதையும் ஊதி அகற்றச் செய்யுங்கள். இது கடையிலேயே முடிய வேண்டும். வீட்டிலோ, குழந்தை இருக்கும் இடத்திலோ செய்தலாகாது. அதன் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். வீட்டுக்கு வந்தபின், மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, கன்ட்ரோலரையும் பொத்தான்களின் இடுக்குகளையும் 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துடைப்பான்களால் துடையுங்கள். திரவத்தைக் கருவியின் மீது நேராகத் தெளிக்க வேண்டா.

வாங்குமிடத்தில் சோதித்தல்

சென்னை ரிச்சி தெருவிலுள்ள கடையாயினும், அண்டை வீட்டாராயினும், இயக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அரைமணி நேரமேனும் ஒரு விளையாட்டை ஓடவிடுங்கள். விசிறி இரைகிறதா, கருவி தானே அணைகிறதா என்று கவனியுங்கள். வட்டு போடும் வகையாயின் வட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கன்ட்ரோலரின் குச்சியைத் தொடாதபோதும் திரையிலுள்ள உருவம் தானாக நகருமாயின் அது பழுதென்று அறிக.

கையில் வைத்து ஆடும் கருவியாயின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். பின்புறம் புடைத்திருந்தால் உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அது தீப்பற்றும் வாய்ப்புள்ளது. அத்தகையதை எவ்விலைக்கும் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கருவியின் அடாப்டரில் '100-240 வோல்ட்' என்று அச்சிட்டிருக்க வேண்டும். 110 வோல்ட்டுக்கு மட்டும் உரியதை நம் வீட்டு மின்சாரத்தில் செருகினால் கருகிவிடும்.

விற்பவர் தம் கணக்கை நீக்கி, கருவியைத் தொடக்க நிலைக்கு உங்கள் கண்முன்னே கொண்டுவர வேண்டும். பின்னர் இணையத்தில் இணைத்துப் பாருங்கள். நிறுவனத்தால் தடை செய்யப்பட்ட கருவியாயின் அப்போது தெரிந்துவிடும். பழைய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

விலைக்கு அப்பால்

கருவியின் விலை செலவின் தொடக்கமே. விளையாட்டுகளையும் இரண்டாவது கன்ட்ரோலரையும் தனியே வாங்க வேண்டியிருக்கலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் போன்ற சில கருவிகளில் வட்டு போடும் இடமே இல்லை. அவற்றில் மலிவான பழைய வட்டுகளைப் பயன்படுத்த இயலாது. நின்டெண்டோ ஸ்விட்ச் லைட்டைத் தொலைக்காட்சியோடு இணைக்க இயலாது. எனினும் படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு அதுவே எளிது. மிகப் பழைய கருவிகளின் இணையக் கடைகள் மூடப்பட்டுவிட்டன. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. ஆகவே வட்டுகள் கையில் இருந்தாலன்றி அவ்வகைக் கருவியால் பயன் குறைவு.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ இதனை வாங்காதீர்கள். காய்ச்சல் வந்தால் நள்ளிரவிலும் வண்டி பிடித்து மருத்துவமனைக்கு வரத் தேவையான பணம் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். அந்தப் பணத்தைத் தொடாமல் வாங்க இயலுமாயின் மட்டும் வாங்குங்கள்.

எப்படிக் கொடுப்பது

"ஊசி போட்டுக்கொண்டால் கேம் வாங்கித் தருகிறேன்" என்று பேரம் பேசாதீர்கள். இன்றைய ஊசிக்குக் கருவி என்றால் நாளைய ஊசிக்கு என்ன தருவீர்கள்? மேலும், வழக்கமாகச் செலவுக்குத் தயங்கும் பெற்றோர் காரணம் கூறாமல் திடீரென விலையுயர்ந்த பொருளைக் கொண்டுவந்தால், தன் நோய் முற்றிவிட்டதோ என்று குழந்தை அஞ்சுவதுண்டு. "நீ இன்னும் சில மாதங்கள் வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது, அதற்காக வாங்கினோம், இது உனக்கும் தங்கைக்கும் சேர்த்துத்தான்" என்று உள்ளதை உள்ளபடி கூறுங்கள். உடன்பிறந்தோரும் இக்காலத்தில் பலவற்றை இழந்து நிற்கிறார்கள். அவர்களை அக்கருவி மேலும் விலக்கிவிடாதிருக்கட்டும்.

நேர வரையறையைக் கருவியை இயக்கும் முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். பெரும்பாலான கருவிகளில் நேரத்தையும், முன்பின் அறியாதாருடன் பேசுவதையும், பணம் செலுத்துவதையும் பெற்றோர் கட்டுப்படுத்தும் வசதி உண்டு. விளையாட்டின் உறையில் 3, 7, 12, 16, 18 என்ற எண்களுள் ஒன்று இருப்பின், அது எவ்வயதினர்க்கு உரியது என்பதைக் குறிக்கும். உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். அறையில் விளக்கெரியட்டும்.

ஆட்டத்தில் ஆழ்ந்த குழந்தை நீர் அருந்தவும் சிறுநீர் கழிக்கவும் மறந்துவிடும். சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கப்பட்ட நாட்களில் இவ்விரண்டும் சிறுநீர்ப்பையைக் காப்பவை. ஆகவே அரைமணிக்கொரு முறை நிறுத்தி நினைவூட்டுங்கள். வென்ஃப்ளான் ஊசி பொருத்திய கையால் கன்ட்ரோலரைப் பிடிக்க விடாதீர்கள். சோர்வையும் விளையாட்டு மறைத்துவிடும். உடல் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள், ஐயமிருப்பின் வெப்பமானியை வையுங்கள்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால்

அதனாலும் குழந்தைக்குக் குறையொன்றும் வந்துவிடாது. தாயக்கட்டமும் பல்லாங்குழியும் கேரமும் சிறிது செலவில் கிடைப்பவை. கழுவவோ துடைக்கவோ எளியவை. இவற்றை ஆட எதிரில் ஒருவர் அமர வேண்டும் என்பதே இவற்றின் சிறப்பு. கருவியை வாங்கினாலும் இதே நெறி பொருந்தும். வாரத்தில் சில நாட்களேனும் இரண்டாவது கன்ட்ரோலரை நீங்கள் கையில் எடுங்கள். அதில் தோற்பது உங்களுக்கு எளிது. உங்களை வெல்வது குழந்தைக்கு மகிழ்ச்சி.

முடிவெடுக்கத் தயக்கமிருப்பின், கருவியின் பெயரையும் எத்தனை ஆண்டுப் பழையது என்பதையும் ஒரு தாளில் எழுதி அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். அன்றைய இரத்தப் பரிசோதனை முடிவையும் வைத்துக்கொண்டு, வாங்குவதா, சில வாரங்கள் பொறுப்பதா என்பதை உங்களோடு அமர்ந்து பேச நாங்கள் ஆயத்தமாக உள்ளோம்.