பணியாரக்கல்லும் பாத்திரக் காபியும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் அடுக்குமாடி வீடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கு நெருப்போடு பழக்கமே இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் பொத்தானை அழுத்தினால் சூடு வருகிறது. இன்னொரு முறை அழுத்தினால் நின்றுவிடுகிறது. விறகு எப்படிப் பற்றும், தணல் எப்போது பழுக்கும், எந்தப் பாத்திரம் எந்தச் சூட்டைத் தாங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதைக் கற்றுக்கொடுக்கலாம் என்று எண்ணி, சென்ற டிசம்பரில் பேரப்பிள்ளைகளை ஆனேக்கல் பக்கம் உள்ள நண்பரின் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றேன். அன்று பாடம் கற்றவன் நான்தான்.

என் அம்மா பயன்படுத்திய ஏழு குழிப் பணியாரக்கல்லைக் கொண்டுபோயிருந்தோம். மூன்று கல் அடுப்புக் கூட்டி, பணியாரம் சுட்டு, எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டோம். புறப்படும் அவசரத்தில், சுடச்சுட இருந்த கல்லில் ஒரு சொம்புப் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். ‘டங்’ என்று ஒரு சத்தம். கல் இரண்டாகப் பிளந்துவிட்டது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எட்டு வயதுப் பேரன்தான் கேட்டான்: “தாத்தா, உங்களுக்கு இரும்பைப் பத்தி எல்லாம் தெரியும்னு சொன்னீங்களே?”

ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரும்போடு பழகியவனுக்கு இதைவிட வேறென்ன தண்டனை வேண்டும்! அந்தக் கேள்விக்குரிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வார்ப்பிரும்பின் குணம்

நம் வீடுகளில் ‘இலுப்பச்சட்டி’ என்று சொல்வது இருப்புச்சட்டி என்ற சொல்லின் திரிபே. அதில் இரண்டு வகை உண்டு. தகட்டை அடித்துச் செய்தது ஒன்று. உருக்கி அச்சில் ஊற்றி வார்த்தது மற்றொன்று. வார்த்ததில் கரி ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். அந்தக் கரி மெல்லிய செதில்களாக இரும்புக்குள் பரவி நிற்கும். அதனால்தான் உடைந்த இடம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. அதே செதில்களால்தான் வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காமல் வெடிக்கிறது. கீழே போட்டால் உடையும். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியுமாக இருந்தால் பிளக்கும்.

இரும்புக்கல் சூட்டைச் சீராகப் பரப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. சூட்டைக் கடத்துவதில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் வல்லது. வார்ப்பிரும்பின் சிறப்பு, வாங்கிய சூட்டை விடாமல் பிடித்து வைத்திருப்பது. குளிர்ந்த மாவை ஊற்றினாலும் கல்லின் சூடு சட்டென்று இறங்காது. ஆகவேதான் பணியாரத்தின் அடிப்புறம் பொன்னிறமாக முறுகுகிறது. ஆனால் சூடு பரவ நேரம் கொடுக்க வேண்டும். மெதுவாகச் சூடேற்ற வேண்டும். மெதுவாக ஆறவிட வேண்டும். பாடத்தின் சாரம் இவ்வளவே.

1980களின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் நீராவி ஏற்றப் பல மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். அவசரப்பட்டால் ஒரு பகுதி விரியும், மறு பகுதி விரியாது. இணைப்புகள் கசியத் தொடங்கும். கொதிகலனுக்குத் தெரிந்த நியாயத்தை அம்மாவின் பணியாரக்கல்லிடம் மறந்துவிட்டேன்.

கல்லைப் பழக்குதல்

புதுக் கல் வாங்கியதும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வடித்த கஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் கஞ்சியை மாற்றுவது நம் பாட்டிமார் வழி. பிறகு துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காயவைக்க வேண்டும். துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் தேய்த்து, மறு துணியால் அதையும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருப்பதே தெரியக்கூடாது. லேசாகப் புகை வரும்வரை சூடேற்றித் தானாக ஆறவிடுங்கள். இப்படி ஐந்தாறு முறை செய்தால் கல் கறுத்து வழவழப்பாகும்.

சூட்டில் எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, வார்னிஷ் போலக் கெட்டியான மெல்லிய படலமாகிறது. எண்ணெய் அதிகமானால் படலம் பிசுபிசுக்கும். புளி, தக்காளி சேர்ந்த குழம்புகளை இதில் நெடுநேரம் கொதிக்கவிடாதீர்கள். புளிப்பு அந்தப் படலத்தை அரித்துவிடும்.

தணலில் சமையல்

காய்ந்த விறகு வேண்டும். சவுக்கும் கருவேலமும் நல்ல தணல் தரும். அரளிக் குச்சியைத் தொடவே வேண்டாம், அது நஞ்சு. அடுப்புக் கூட்ட ஓடையிலிருந்து எடுத்த ஈரக் கற்களும் ஆகாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடிக்கக்கூடும்.

சுவாலை அடங்கித் தணல் சாம்பல் பூத்த பிறகே பணியாரக்கல்லை ஏற்ற வேண்டும். பத்து நிமிடம் காய விடுங்கள். இடையில் இரண்டு முறை கல்லைத் திருப்பி வைத்தால் எல்லாக் குழியும் ஒன்றுபோல் காயும். ஒரு சொட்டு நீர் தெளித்தால் அது முத்தாக உருண்டோட வேண்டும். பிறகு எண்ணெய் விட்டு மாவை ஊற்றலாம். இட்லி மாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிச் சேர்த்துத் தூக்குவாளியில் கொண்டுபோனால் வேலை எளிது. முடிந்ததும் கல்லைத் தானாக ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரால் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

பாத்திரக் காபி

காபியை இரும்பில் போடக்கூடாது. காபியிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து கறுக்கும், சுவையும் கெடும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் 1 டிகிரி குறையும். ஆகவே இங்கே தண்ணீர் 97 டிகிரியில் கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகச் சென்னையைவிடக் கூடுதல் நேரம் பிடிப்பது இதனால்தான். ஆனால் காபிக்கு இது தோதானது. 92 முதல் 96 டிகிரி வரையுள்ள நீரில்தான் தூளின் மணமும் சத்தும் நன்றாக இறங்கும்.

ஆறு பேருக்கு 600 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அரை நிமிடம் பொறுத்து, 60 கிராம் தூளைப் போட்டுக் கிளறி மூடுங்கள். தூள் சற்றுக் கொரகொரப்பாக இருக்கட்டும்; மாவுபோல் அரைத்தது அடியில் படியாது. ஐந்து நிமிடம் கழித்து ஒரு கை குளிர்ந்த நீரைத் தெளித்தால் சக்கை அடங்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, அதே அளவு கொதித்த பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆற்றிக் குடியுங்கள். வடிகட்டிய பிறகு மீண்டும் கொதிக்கவிட்டால் கசக்கும்.

மறக்கக்கூடாதவை

பன்னார்கட்டா காடு நமக்கு மிக அருகில் இருக்கிறது. காட்டிலோ காட்டோரத்திலோ தீ மூட்டவே கூடாது. அது சட்டப்படியும் குற்றம். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் எரிந்ததை நாம் கண்டோம். உரிமையாளர் அனுமதித்த தோட்டத்தில், காய்ந்த புல்லை அகற்றிய இடத்தில், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் நெருப்பு மூட்ட வேண்டும். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பல் குளிர்ந்ததைப் புறங்கையால் உறுதி செய்யுங்கள்.

கரி அடுப்பைப் பால்கனியிலோ கூடாரத்திலோ மூடிய அறையிலோ வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துபோகலாம்.

உடைந்த கல்லை நிக்கல் கம்பி கொண்டு பற்றவைக்க முடியும். ஆனால் சமையல் பாத்திரத்திற்கு அது சரிவராது என்று விட்டுவிட்டேன். அதைத் தூக்கியெறியவும் மனம் வரவில்லை. பேரனிடம் உடைந்த விளிம்பைக் காட்டி, சாம்பல் நிறம் எதனால் வருகிறது என்று விளக்கினேன். பிறகு புதுக் கல் ஒன்று வாங்கினோம். அதைக் கஞ்சியில் ஊறவைத்ததும், ஆறு முறை எண்ணெய் தடவித் துடைத்ததும் அவன்தான். போன வாரம் பணியாரம் சுட்டு முடித்ததும் கல்லை எடுக்கக் கை நீட்டினேன். “தாத்தா, இன்னும் ஆறலை” என்று என் கையைத் தடுத்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் துருப்பிடித்த கல் ஒன்று இருக்கக்கூடும். தேங்காய் நார் கொண்டு தேய்த்துப் பழக்கிப் பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் உட்காரவையுங்கள்.