கட்டுமரமும் கலமும்

அடையாற்று முகத்துவாரத்தை அடுத்தது ஊரூர்க் குப்பம். அங்குள்ள மீனவர் முன்னாளில் கட்டுமரம் ஏறியே கடலுக்குச் சென்றனர். கட்டுமரத்திற்குப் பக்கச் சுவர் இல்லை; மேலேறும் அலைநீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். ஆதலின் அது நீர் நிரம்பி மூழ்குவதில்லை. ஆனால், அதன்மேல் வைத்த பொருளுக்கு அக்காப்பு ஏது? மீனுக்கு நீர் வடியும் பின்னற்கூடை போதும். சோற்றுக்கும் குடிநீருக்கும் வாய் இறுகிய கலம் வேண்டும்; உவர்நீர் புகுந்துவிட்டால் நடுக்கடலில் தாகம் தீர்ப்பார் யார்? எக்கலமாயினும் கயிற்றால் மரத்தொடு பிணித்தல் இன்றியமையாதது.

இக்காலத்தில் மிதவையேறி ஆற்று விரைவில் செல்வோர், வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பையைக் கொள்கின்றனர். உள்ளே அடைபட்ட காற்று, பை நீரில் வீழினும் அதனை மிதக்கச் செய்யும். ஆயினும் பையை வாய்வரை திணித்தல் ஆகாது. மும்முறை சுருட்ட இடமில்லையேல் நீர் புகும்.