சுஹைலி: ஒரு சிறு பாய்ப்படகின் குலம் காணல்

மரத்தை இலையால் அறிகிறோம். பறவையை அலகால் அறிகிறோம். பாய்ப்படகை எதனால் அறிவது? கடலோரத்தில் பிறந்தவர்க்கு இது எளிய கேள்வி. நானோ கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் உயர்ந்து நிற்பது பாய்மரம் அன்று; சுரங்க வாயிலின் இரும்புக் கோபுரமே. எனினும் காற்றும் நீரும் இயற்பியலுக்கு உட்பட்டவை. ஆகவே அறிவியல் மாணவன் படகையும் ஆராயலாம் அன்றோ? ஒரே ஒரு படகை எடுத்துக்கொண்டு, அதன் உறுப்புகளிலிருந்து அதன் குலத்தைக் கண்டறியும் வழியை நண்பர்களுக்கு விளக்க முயல்கிறேன்.

அப்படகின் பெயர் சுஹைலி. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பெற்று 1964ஆம் ஆண்டு நீரில் இறங்கியது. ஆங்கில வணிகக் கப்பல் அதிகாரி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14ஆம் நாள் இதில் தன்னந்தனியே இங்கிலாந்தின் பால்மத் துறையை விட்டுப் புறப்பட்டார். எந்தத் துறையிலும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22ஆம் நாள் அதே துறைக்குத் திரும்பினார். நில்லாமல் தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. அப்போட்டியில் புறப்பட்டவர் ஒன்பது பேர். முடித்தவர் இவர் ஒருவரே. அரபியர் 'சுஹைல்' என்பது நாம் அகத்தியர் என்று வழங்கும் தென்வான் விண்மீனை. அப்பெயரை ஒட்டியதே பாரசீக வளைகுடாவின் தென்கிழக்குக் காற்றின் பெயரான சுஹைலி.

இனி அடையாளங்களைக் காண்போம்.

முதல் அடையாளம், பின்முனை. பெரும்பாலான படகுகளுக்கு முன்முனை கூராகவும் பின்முனை பலகையால் வெட்டினாற் போலவும் இருக்கும். சுஹைலிக்கோ அணியம் கூர், அமரமும் கூர். சுக்கான் உடலுக்கு வெளியே, பின்முனையிலேயே தொங்குகிறது. பின்னாலிருந்து துரத்திவரும் பேரலை தட்டைப் பலகையில் மோதினால் படகைத் தள்ளித் திருப்பிவிடும். கூர்முனையில் மோதினால் இரண்டாகப் பிளந்து விலகும் என்பது இவ்வடிவை விரும்புவோர் கூறும் காரணம்.

இரண்டாம் அடையாளம், பாய்மரம். இதற்கு இரண்டு மரங்கள்: முன்னது உயரம், பின்னது குட்டை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பின்மரம் சுக்கான் தண்டுக்கு முன்னால் நின்றால் அது 'கெட்ச்'. பின்னால் நின்றால் 'யால்'. சுஹைலி கெட்ச் வகை. இதன் பயன் ஏட்டளவில் நின்றதன்று. பயணத்தின் நடுவே, ஆஸ்திரேலியக் கடலில், தானே திசை காக்கும் கருவி பழுதுற்றது. முன்பாயையும் பின்பாயையும் ஒன்றுக்கொன்று சமன்செய்து, மீதிக் கடலையும் நாக்ஸ்-ஜான்ஸ்டன் கடந்தார்.

மூன்றாம் அடையாளம், அடிக்கட்டை. ஏரா என்பது இதுவே. சுஹைலியில் இது முன்னிருந்து பின்வரை நீண்டு ஓடுகிறது. அதன் அடியில் இரும்புப் பாரம். உடல் நீளம் ஏறக்குறைய 32 அடி, அகலம் 11 அடி. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலம்! விரைவுக்கு ஆன உடம்பன்று இது. சுமை தாங்கவும் புயல் தாங்கவும் ஆனது. நீர்மட்டத்தில் இதன் நீளம் சுமார் 28 அடி. நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் படகு தான் எழுப்பும் அலையின் நீளத்தால் கட்டுண்டது. அக்கணக்கின்படி இதன் உச்ச வேகம் மணிக்கு 7 கடல் மைல் அளவே. ஏறத்தாழ 30,000 கடல் மைலை 312 நாளில் வகுத்துப் பாருங்கள்: சராசரி 4 கடல் மைல். நாம் மிதிவண்டியில் செல்வதைவிட மெதுவாக ஊர்ந்து உலகைச் சுற்றியது இப்படகு!

இம்மூன்றையும் சேர்த்தால் குலம் தெரிந்துவிடும். நார்வே நாட்டில் கோலின் ஆர்ச்சர் (1832–1921) என்பார் புயலில் சிக்கிய மீனவரைக் காக்கும் பாய்ப்படகுகளை வரைந்தார்; அவை இருபுறமும் கூரானவை. 1920களில் அமெரிக்கர் வில்லியம் ஆட்கின் அவ்வடிவைச் சுருக்கி 32 அடியில் 'எரிக்' என்னும் வரைபடம் ஆக்கினார். சுஹைலி அந்த எரிக்கே. இதில் ஒரு வேடிக்கை: பம்பாயிலிருந்து அதிகாரி நண்பர்கள் இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்டது வேறொரு படகின் வரைபடம், வந்து சேர்ந்ததோ எரிக்! அதையே கட்டினர்.

ஒத்த தோற்றத்தால் மயங்கவும் கூடும். அமெரிக்காவின் வெஸ்ட்செயில் 32 இதே குலம். ஆனால் கண்ணாடி இழை உடலும் ஒற்றைப் பாய்மரமும் உடையது. 2017இல் கோவாவில் நீரிறங்கிய 'துரியா' சுஹைலியின் நேர்ப்படி. அதில் சென்ற அபிலாஷ் டோமி 2018 செப்டம்பரில் தென்னிந்தியப் பெருங்கடலில் பாய்மரங்களை இழந்து, முதுகு முறிந்து, பிரெஞ்சுக் கப்பலால் மீட்கப்பட்டார். அதே புயலில் வேறு வடிவப் படகொன்றும் மரங்களை இழந்தது. ஆகவே குலம் ஒன்றே காவல் அன்று.

கட்டிய கையும் கட்டிய பொருளும் குலத்தோடு சேர வேண்டும். பம்பாய்த் தச்சர்கள் வாய்ச்சியும் கைத்துரப்பணமும் கொண்டு அத்தேக்கை இழைத்தனர். குறையும் இருந்தது: அட்லாண்டிக்கிலேயே அடிக்கட்டை ஓரப் பலகை இணைப்பில் நீர் கசிந்தது, நாக்ஸ்-ஜான்ஸ்டன் நீரில் மூழ்கிப் பஞ்சு திணித்து அடைத்தார். ஆயினும் உடல் கலையவில்லை. 1997இல் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தபோது உலர்ந்த காற்றில் பலகைகள் சுருங்கத் தொடங்கின. 2002இல் வெளியே எடுத்துச் செப்பனிட்டு மீண்டும் நீரில் விட்டார். மரப்படகுக்கு நீரே உயிர்.

படகு நூல்கள் ஆர்ச்சர் என்கின்றன, ஆட்கின் என்கின்றன. தச்சர்களை 'இந்தியத் தொழிலாளர்' என்று ஒரு சொல்லில் கடந்துவிடுகின்றன. தங்கவயலில் பிறந்தவனுக்கு இது புதிதன்று. எங்கள் ஊர்ச் சுரங்கக் குழிகளுக்குக் கிஃபோர்டு, மக்டாகர்ட் என்று பெயர். 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்கு இறங்கிப் பாறை உடைத்த வட ஆர்க்காட்டுத் தமிழரின் பெயரோ வீட்டுப் பேச்சில் மட்டும் வாழ்கிறது. நான் பிறக்குமுன்பே, 2001இல், சுரங்கமும் மூடப்பட்டது.

ஆகவே மாணவ நண்பர்களே, எந்தப் பொருளையும் அடையாளம் காணும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். வரைந்தவர் யார்? செய்தவர் யார்? முதல் கேள்விக்கு விடை நூலகத்தில் உண்டு. இரண்டாவதற்கு விடை தேட நாம்தான் நடந்து செல்ல வேண்டும், நினைவுள்ள முதியோர் இருக்கும்போதே.