சராசரிக்குள் மறைந்த தட்பவெப்பம்

புவியியல் செய்முறை வகுப்பில் உலக நகரங்களுக்குத் தட்பவெப்ப வரைபடம் வரைந்து தருவது எங்களுக்கு வழக்கம். என் பங்குக்கு வந்தது அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன். மாதந்தோறும் பெய்யும் மழையைக் கட்டங்களாகவும் வெப்பநிலையைக் கோடாகவும் வரைந்து முடித்தேன். அடியில், "மிதமான குளிர்காலம், ஆண்டு முழுவதும் மழை" என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் "மிதமான" என்னும் சொல்லின் கீழ் சிவப்புக் கோடிட்டு, "யாருக்கு மிதம்?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

இருப்பிடம்

ஹூஸ்டன் நகரின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுண்டியில் அடங்கும். கவுண்டி என்பது அங்கே மாநிலத்தின் உட்பிரிவு. நம் மாவட்டத்தை ஒத்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இக்கவுண்டியின் மக்கள்தொகை 47 இலட்சத்துக்கும் மேல். நிலம் பெரும்பாலும் சமதரை. தென்கிழக்கே மெக்சிகோ வளைகுடா மிக அருகில் உள்ளது. "பேயூ" எனப்படும் மெல்ல நகரும் ஓடைகளே இந்நிலத்து நீரைக் கடலுக்குக் கொண்டு செல்கின்றன.

இக்கவுண்டி ஏறத்தாழ வட அட்சம் 30 பாகையில் உள்ளது. எகிப்தின் கெய்ரோ நகரும் அதே அட்சத்தில்தான் இருக்கிறது. ஆயினும் கெய்ரோவில் ஆண்டு மழை சுமார் 25 மி.மீ.; ஹூஸ்டனில் சுமார் 1,317 மி.மீ. அட்சம் ஒன்றாயிருக்க, மழையில் ஏன் இத்தனை வேறுபாடு?

இந்த அட்சங்களில் காற்று மேலிருந்து கீழிறங்கும் உயர் அழுத்தப் பகுதிகள் அமைகின்றன. இறங்கும் காற்று வறண்டது; பாலைவனங்கள் பல இங்கே தோன்றுவதற்கு அதுவே காரணம். ஆனால் அட்லாண்டிக் கடல்மேல் அமையும் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள் செல்லும் திசையில் சுழல்கிறது. அதன் மேற்கு ஓரத்தில் காற்று வெதுவெதுப்பான வளைகுடா நீரைக் கடந்து, ஈரத்தைச் சுமந்துகொண்டு வடக்கு நோக்கி வருகிறது. அந்த ஓரத்தில் இருப்பதாலேயே ஹாரிஸ் கவுண்டி பாலையாகாமல் பசுமையாக இருக்கிறது. கோப்பென் வகுத்த முறையில் இதற்குரிய குறியீடு "சி.எஃப்.ஏ." முதல் எழுத்து மிதமான குளிர்காலத்தையும், இரண்டாவது வறண்ட பருவம் இன்மையையும், மூன்றாவது வெப்பமான கோடையையும் குறிக்கும்.

ஓராண்டின் போக்கு

சனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 17 அல்லது 18 டிகிரி செல்சியஸ். இரவில் 6 அல்லது 7 டிகிரி. மார்ச்சு முதல் மே வரை வசந்தம். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றும் வளைகுடாவின் ஈரக்காற்றும் மோதுவதால் இடிமழை மிகும். சூன் முதல் செப்டம்பர் வரை கடுங்கோடை. பகலில் 34, 35 டிகிரி என்பது அங்கே இயல்பு. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. ஆகவே உடல் உணரும் வெப்பம் அதனினும் கூடுதல். அக்டோபரில்தான் வறண்ட வடகாற்று ஓரளவு ஆறுதல் தருகிறது.

மழை குறைந்த மாதம் பிப்ரவரி. அதிலும் சுமார் 75 மி.மீ. பெய்கிறது. மழை மிகுந்த சூன் மாதத்தில் சுமார் 150 மி.மீ. நம் சென்னையிலும் ஆண்டு மழையளவு ஏறக்குறைய இதே தான். ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. ஹூஸ்டனிலோ அது பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிடப்படுகிறது. இவ்வளவில் பார்த்தால் நான் எழுதியது சரியென்றே தோன்றும்.

திறந்திருக்கும் இரு வாயில்கள்

ஆனால் இக்கவுண்டிக்கு இரு வாயில்கள் உண்டு; இரண்டுக்கும் கதவில்லை.

தெற்கு வாயில் வளைகுடா. சூன் முதல் நவம்பர் முடிய அங்கே புயற்காலம். 2017 ஆகஸ்டு 25 அன்று டெக்சஸ் கரையைக் கடந்த "ஹார்வி" புயல் உள்நாட்டுக்குப் போய் ஓயவில்லை. நகராமல் அப்பகுதியிலேயே தங்கிவிட்டது. ஆகஸ்டு மாதத்தின் சராசரி மழை சுமார் 123 மி.மீ. அவ்வாண்டு அம்மாதம் ஹூஸ்டன் விமான நிலையத்தில் பதிவானது ஏறத்தாழ 990 மி.மீ. அதாவது எட்டு மடங்கு! சமதரையில் விழுந்த நீர் ஓட வழியின்றித் தெருக்களில் நின்றது. 1929, 1935 ஆண்டுகளின் வெள்ளங்களுக்குப் பின் 1940-களில் கட்டப்பட்ட ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களும் நிரம்பின. அவற்றின் எல்லையோரம் எழுந்திருந்த குடியிருப்புகளில் நீர் புகுந்தது.

வடக்கு வாயில் பெருஞ்சமவெளி. இந்தியாவுக்கு வடக்கே இமயம் மதிலாக நின்று கடுங்குளிரைத் தடுக்கிறது. அமெரிக்காவின் நடுப்பகுதியிலோ கிழக்கு மேற்காகக் குறுக்கிடும் மலை இல்லை. துருவப் பக்கத்துக் குளிர்காற்று கனடாவைக் கடந்து வளைகுடா வரை தடையின்றி வந்துவிடக் கூடும். 2021 பிப்ரவரி 16 அன்று ஹூஸ்டனில் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 10 டிகிரிக்கு மேல் இறங்கியது. கோடையை எண்ணிக் கட்டிய வீடுகளில் நீர்க்குழாய்கள் உறைந்து வெடித்தன. எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் முடங்கின. டெக்சஸின் மின் கட்டமைப்பு அண்டை மாநிலங்களோடு பெரும்பாலும் இணைக்கப்படாதது. ஆகவே வெளியிலிருந்து போதிய மின்சாரம் பெறவும் வழியில்லை. இலட்சக்கணக்கான வீடுகள் இருளிலும் குளிரிலும் கிடந்தன. அக்குளிர் அலையால் டெக்சஸ் முழுவதும் இறந்தோர் 246 பேர் என்று மாநில அரசு கணக்கிட்டது.

அதைவிடக் கடுங்குளிர் கனடாவில் ஆண்டுதோறும் வருகிறது. அங்கே குழாய்களை மண்ணில் ஆழப் புதைத்து, சுவர்களைக் குளிர் புகாதபடி கட்டியிருக்கிறார்கள். ஹூஸ்டன் மக்கள் ஆயத்தமாயிருந்தது 35 டிகிரி வெயிலுக்கு. வந்து சேர்ந்ததோ உறைபனி. உயிர்களைப் பறித்ததில் குளிருக்கு மட்டுமன்று, அதனை எதிர்பாராமைக்கும் பங்குண்டு.

முடிவுரை

முப்பது ஆண்டுப் பதிவுகளைக் கூட்டி வகுத்தால் கிடைப்பது சராசரி. எந்தப் பயிரை எப்போது விதைப்பது, எந்த மாதம் எந்த உடை உடுப்பது என்பவற்றுக்கு அது நல்ல வழிகாட்டி. ஆனால் பாலத்தின் உயரத்தையும், வீட்டின் சுவரையும், மின் நிலையத்தின் காப்பையும் சராசரியை மட்டும் பார்த்து அமைக்கலாகாது. அங்கே கேட்கவேண்டிய கேள்வி, "வழக்கமாக எவ்வளவு?" என்பதன்று, "மிகுந்தால் எவ்வளவு, குறைந்தால் எவ்வளவு?" என்பதே.

என் வரைபடத்தைத் திருத்தி வரைந்தேன். சராசரிக் கோட்டுக்கு மேலும் கீழும், பதிவான உச்சங்களைச் சிறு புள்ளிகளாகக் குறித்தேன். 2000 செப்டம்பர் 4-இன் 42.8 டிகிரிக்கு ஒரு புள்ளி. 2021-இன் உறைபனிக்கு ஒரு புள்ளி. 2017-இன் மழைக்கு மட்டும் வரைதாளில் இடம் போதாமல், மேலே ஒரு துண்டுத் தாளை ஒட்ட வேண்டியதாயிற்று. "மிதமான" என்னும் சொல்லை நான் அடித்துவிடவில்லை. அதன் முன்னே "சராசரியில்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். பேராசிரியர் ஒட்டுத் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார்.